தீட்டிய கத்தியும் கேரம் ஃபைனலும்

போன வாரம் எங்கள் வீட்டுக் கத்தி தக்காளியை வெட்டியது.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? உங்கள் வீட்டில் வெட்டும்போல... கொடுத்துவைத்தவர்கள். எங்கள் கத்தி தக்காளியை அமுக்கும். வலி தாங்காமல் தக்காளி தானாகவே உடையும். மஞ்சள் பிளாஸ்டிக் கைப்பிடி, முறிந்த நுனி. பால் பாக்கெட் கிழிப்பது, தேங்காய் கீறுவது, மிக்ஸி ஸ்க்ரூவைத் திருகுவது – எல்லாம் அதுதான். அதை வைத்துக்கொண்டுதான் என் மனைவி செல்வி இத்தனை வருஷமாக எனக்குச் சோறு போடுகிறாள்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். டிவியில் செருப்பை அறுத்துக் காட்டிய கத்தி ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டில் செருப்பு சமைப்பதில்லை. அதனால் அது பயன்படவில்லை. அப்புறம் ஒரு கார்பன் ஸ்டீல் கத்தி. தூத்துக்குடி உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்கிறது. ஒரு ராத்திரி ஈரத்தோடு சிங்க்கில் கிடந்தது. விடிந்து பார்த்தால் செம்மண் நிறம்.

கடைசியில், என்னோடு படித்த காயல்பட்டினத்து மொகுதூமிடம் புலம்பினேன். துபாயில் ஒரு ஹோட்டல் சமையலறையே அவன் கையில். போனில் விசாரணை நடத்தினான். எதன்மேல் வைத்து வெட்டுகிறீர்கள்? கிரானைட் மேடையில் என்றேன்.

"ஏலே, கல்லு மேல வச்சி வெட்டுததுக்குக் கத்தி எதுக்கு? ஒரு ஸ்கேல் வாங்கிக்கோ."

லீவில் வந்தபோது ஒரு சாணைக்கல்லைக் கொடுத்துவிட்டுப் போனான். கூடவே உபதேசம். புதுக் கத்தி வாங்காதே, இருப்பதைத் தீட்டு. மரப்பலகையில் வைத்து வெட்டு. கரண்டிகளோடு டிராயரில் போடாதே. கழுவினதும் துடை. முக்கியமாக, வீட்டில் சொல்லிவிட்டுத் தீட்டு.

எல்லாம் ஞாபகம் இருந்தது. கடைசி ஒன்றைத் தவிர. மறந்துவிட்டேனா? இல்லை... சொல்லிவிட்டுச் செய்தால் அது சர்ப்ரைஸா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் கல்லை நனைத்து உட்கார்ந்தேன். யூடியூப் ஆசாமி சொன்ன சாய்வில் மஞ்சள் கைப்பிடிக் கத்தியை இழுத்தேன், தள்ளினேன். இடுப்பு போனது, கூர் வந்தது. பேப்பரை அறுத்துப் பார்க்கச் சொன்னார். கைக்கு அகப்பட்டது பத்திரிகையில் வந்த என் போன வாரப் பத்தி. எந்த எடிட்டரும் என்னை இவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை. ஆசை தீராமல் ஒரு தக்காளியையும் வெட்டிப் பார்த்துவிட்டு, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அப்போது செல்வி வீட்டில் இல்லை. ஆபீஸ் தோழிகளோடு கேரம் பிராக்டிஸ். அவள் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை பார்க்கிறாள். துறைமுகப் பக்கத்து ஆபீஸ்கள் சேர்ந்து வருஷா வருஷம் பெண்களுக்குக் கேரம் போட்டி நடத்தும். சென்ற வருஷ ஃபைனலில் அடுத்த ஆபீஸ் ஜெசிந்தாவிடம் தோற்றாள். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் கேரம் போர்டு, சாப்பாடு சோபாவில். மறுநாள் திங்கட்கிழமை மறுபடி ஃபைனல். எதிரில் மறுபடி ஜெசிந்தா.

திங்கள் காலை வெண்டைக்காய்.

வெண்டைக்காய் மாதிரிச் சின்னக் காய்க்குச் செல்வி பலகை, கிரானைட் எதையும் நம்புகிறவள் அல்ல. காயை இடது கையில் பிடித்து, வலது கைக் கத்தியைத் அதே கைக் கட்டைவிரலை நோக்கியே இழுப்பாள். நம் வீடுகளில் பாதிப்பேர் அப்படித்தானே நறுக்குகிறார்கள்? பழைய கத்தி காயை அறுத்துவிட்டு, விரலுக்கு முன்னால் மரியாதையாக நின்றுவிடும். இது நிற்கவில்லை.

கட்டைவிரலில் ரத்தம். விரலைப் பார்த்தாள். கத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கத்திய என்ன செஞ்சிய?"

"தீட்டுனேன்."

"யாரு கேட்டா?"

இதற்குப் பதில் தெரிந்த கணவர்கள் எழுதி அனுப்பலாம்.

டாக்டர் தையல் போடவில்லை. ஆனால் போட்ட கட்டில் கட்டைவிரல் கொழுக்கட்டை ஆகிவிட்டது. செல்வி அந்தக் கட்டைவிரலில் முட்டுக் கொடுத்து, ஆட்காட்டி விரலால்தான் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவாள். காய்ச்சல் என்று சொல்லிவிடலாமே என்று மெல்ல இழுத்தேன். பயந்துவிட்டாள் என்று ஜெசிந்தா ஊரெல்லாம் சொல்லுவாளாம். அதனால் செல்வி ஆடியே தீருவாளாம். என்னையும் வரச் சொன்னாள். குற்றவாளி இல்லாமல் வழக்கு நடக்குமா?

போட்டி நடந்த ஹாலில் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தேன். செல்வி நடுவிரலை முட்டுக் கொடுத்துச் சுண்டினாள். நம்பமாட்டீர்கள் – கடைசி போர்டு வரை விட்டுக்கொடுக்கவில்லை. சிவப்புக் காயான ரெட்டையும் போட்டுவிட்டாள். அதை உறுதியாக்க அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயின் பாக்கெட் வாய்வரை போனது. விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது. கட்டைவிரல் இருந்திருந்தால் ஒரு நூல் அதிகம் போயிருக்கும். மிச்சத்தை ஜெசிந்தா முடித்துவிட்டாள்.

கட்டுக்கு என்ன காரணம் என்று ஜெசிந்தா கேட்க, செல்வி உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஜெசிந்தா நேராக என்னிடம் வந்தாள். பரிசாகக் கிடைத்த மக்ரூன் இனிப்புப் பாக்கெட்டை என் மடியில் வைத்தாள்.

"அண்ணன், இது ஒங்களுக்குத்தான். நீங்க இல்லாம நான் ஜெயிச்சிருக்க முடியாது."

கூட்டம் கை தட்டியது. என் எழுத்துக்குக்கூட இப்படித் தட்டியதில்லை.

ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்தோம். தீர்ப்பு சமையலறையில் வாசிக்கப்பட்டது.

"அடுத்த வருசம் ஃபைனல் முடியுத வரைக்கும் இந்த வெரலு கத்தியத் தொடாது. நீங்கதான் நறுக்குதிய."

அப்பீல் இல்லை. ஆகவே இப்போது தினமும் காலையில் நான். பலகை வாங்கியாயிற்று, நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. வெட்டினதும் கழுவி, துடைத்து, தனியாக மாட்டுகிறேன். வெங்காயம் உரிக்கும்போது கண்ணீர் வருகிறது. வெங்காயத்தால் மட்டும்தான் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

நறுக்கிக்கொண்டே யோசித்ததில் ஒன்று புரிந்தது. வீட்டில் மொக்கையாகக் கிடப்பதெல்லாம் யாரும் கவனிக்காமல் கிடப்பதில்லை. சிலவற்றோடு வீட்டுக்காரர்கள் ஒரு உடன்படிக்கைக்கு வந்திருக்கிறார்கள் – கத்தி, கதவுத் தாழ்ப்பாள், கணவன்... ஒன்றைக் கூராக்குவதென்றால், அதைப் பிடிக்கிற கையிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நேற்று மொகுதூம் போனில் கேட்டான், கத்தியை மறுபடி தீட்டினாயா என்று. கொஞ்சம் மழுங்கத்தான் தொடங்கியிருக்கிறது. கல் பரணில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். இப்போது கத்திக்குப் பக்கத்தில் இருப்பது என் விரல் அல்லவா?