சம்பந்திக்கு நான் எடுத்த விமானப் பாடம்

தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் அவளுடைய அப்பாவைப் போய்ச் சேரவிடாமல் செய்தவன் நான். அந்தப் பெண் என் மருமகள். அந்த அப்பா என் சம்பந்தி. ஊரடங்கு அவரைத் தடுக்கவில்லை, கொரோனா தடுக்கவில்லை, அரசாங்கமும் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் தாண்டி விமான நிலையத்துக்குள் நுழைந்துவிட்ட மனிதரை என் நாக்குதான் வெளியே இழுத்து வந்தது. அப்போது எனக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அறியாப் பருவம் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

நான் திண்டிவனத்துக்காரன். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். சம்பந்தி விழுப்புரத்தில் இருக்கிறார். கெடார் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்டுக்கொண்டிருந்தவர், மகளின் படிப்புக்காக நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். மனைவி இறந்த பிறகு சமையல் முழுக்க அவர் கைதான். அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பைப் பற்றி என் மனைவி எதிரில் நான் வாய் திறப்பதில்லை.

மகனும் மருமகளும் அகமதாபாத்தில் இருந்தார்கள். வழக்கமாக என்றால் வளைகாப்பு முடிந்ததும் பெண் விழுப்புரத்துக்கு வந்திருப்பாள். ரயில் நின்றுபோயிருந்தது. கொஞ்ச நாளில் விமானம் ஓடத் தொடங்கியபோது, இந்த நிலையில் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே இங்கிருந்து ஒருவர் போக வேண்டும். என் மனைவிக்கு முட்டிவலி. "நான் வரேனேம்மா" என்றேன் போனில்.

"நீங்க வந்தா உங்களுக்கும் சேர்த்து நான்தானே சமைக்கணும் மாமா. அப்பா வரட்டும்" என்றாள் மருமகள். என் மகன் பின்னாலிருந்து சிரித்தான். என் மனைவி இங்கே சிரித்தாள். அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. எனக்கு வெந்நீர் வைக்கவே வராது. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குள் சுருக்கென்று தைத்தது.

சம்பந்தி அதுவரை விமானம் ஏறியதில்லை. நான் ஏறியிருக்கிறேன், கருத்தரங்குக்கு ஒருமுறை, மகனைப் பார்க்க ஒருமுறை. இரண்டுமே தொற்றுக்கு முந்திய கதை. தொற்றுக் காலத்தில் விமானத்துக்குள் என்னென்ன நடக்கும் என்பது அவருக்கு எவ்வளவு தெரியாதோ அவ்வளவு எனக்கும் தெரியாது. ஆனால் அவர் தினமும் போன் போட்டு என்னைத்தான் கேட்டார். கேள்வி கேட்டவரிடம் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு வகுப்பறையிலேயே இருந்ததில்லை.

மகன் விதிமுறைகளை அனுப்பியிருந்தான். முகக்கவசம், அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு மறைப்பு, நடு இருக்கைக்காரருக்கு மட்டும் வெள்ளை அங்கி, சாப்பாடு கிடையாது, கழிவறைக்கு வரிசை கட்டக் கூடாது, பெட்டிக்கான சீட்டை வீட்டிலேயே அச்செடுத்து ஒட்டிக்கொண்டு போக வேண்டும். உண்மையே நம்ப முடியாதபடி இருந்தது. அதற்கு நடுவில் என் சரக்கைச் சொருகுவது எளிதாகப் போயிற்று.

"நடு சீட்டுக்காரனுக்கு மட்டும் அங்கி குடுப்பாங்களாமே சம்பந்தி, நெசங்களா?"

"நெசந்தான். அங்கி போட்டவரு பேசக் கூடாது. கண்ணாலதான் பதில் சொல்லணும்."

"தும்மல் வந்தா?"

"கையத் தூக்கிப் பர்மிஷன் கேட்டுட்டுத்தான் தும்மணும்."

"கேக்கறதுக்குள்ள வந்துட்டா?"

"அது அவங்கவங்க தலையெழுத்து."

மறுநாள் காலையில் அழைத்தார். "மொளகா தாளிக்கச் சொல்ல தும்மல் வந்துச்சிங்க. டக்குனு கையத் தூக்கிட்டேன். பழகிக்கினா வந்துடும் போல." நான் போனைக் கையால் மூடிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தேன். "இன்னா பண்றீங்க அந்த மனுஷன?" என்று மனைவி முறைத்தாள். பயணக் குறிப்பு கொடுக்கிறேன் என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஒரு நாள் அவர் கேட்டார்: "உள்ள போகச் சொல்ல நெத்தியில துப்பாக்கி மாதிரி வெச்சி சூடு பாப்பாங்களாமே. நம்ம மளிகைக் கடையில வெக்கிறாங்களே, அதானுங்களா?"

"அது வேற, இது வேற" என்றேன். "கடையில சூடு இருந்தா உடமாட்டான். ஏரோபிளேன்ல மேல போகப் போகக் குளிருமில்ல? வயசானவங்க ஒடம்பு சில்லுனு இருந்தா ஏத்தமாட்டாங்க. இங்க சூடு இருக்கணும்."

உயரம் கூடக் கூட வெப்பநிலை குறையும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு பொய்யைத் தாங்கி நிறுத்த அந்த ஓர் உண்மை போதுமானதாக இருந்தது. "காலேஜ்ல சொல்லிக் குடுத்தவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிடலாம், இருவரும் சேர்ந்து சிரிக்கலாம் என்பது என் எண்ணம்.

பயணத்தன்று இ-பாஸ் வாங்கிய வாடகைக் கார் விழுப்புரத்திலிருந்து வந்து என்னைத் திண்டிவனத்தில் ஏற்றிக்கொண்டது. வழியனுப்ப நானும் போகிறேன் என்று பாஸில் பெயர் சேர்த்திருந்தோம். கார் கதவைத் திறந்ததும் தைல வாசனை குப்பென்று அடித்தது. சம்பந்தி குரங்குக் குல்லா போட்டு, ஸ்வெட்டர் மாட்டி, மடியில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்க் நிறையக் கொதிக்கக் கொதிக்கக் கபசுரக் குடிநீர். வெளியே கத்திரி முடிந்தும் குறையாத வெயில். ஏசி போட்டால் தொற்று பரவும் என்று அப்போது எல்லாரும் நம்பியதால் அதுவும் இல்லை.

"பெரியவரு ஏரோபிளேன்ல ஊட்டிக்குத்தான் போறாருன்னு நெனச்சிக்கினேன் சார்" என்றார் டிரைவர்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, ஓட்டுப்பா" என்றார் சம்பந்தி பெருமையாக.

அவர் காலடியில் ஒரு பை இருந்தது. பூண்டு, சுக்கு, பிரசவ மருந்துப் பொடி, மரக்காணத்திலிருந்து சொல்லி வாங்கிய பால்சுறாக் கருவாடு. வாசனை வெளியே வரக் கூடாது என்று அதை மட்டும் மடித்து மடித்துச் சுற்றியிருந்தார். "பால் நல்லா ஊறும்ங்க. அவங்க அம்மா இருந்திருந்தா செஞ்சிருப்பா. நான் போய் செஞ்சி போட்டுட்டா நிம்மதி" என்றார். மேல்மருவத்தூர் தாண்டும்போது சொல்லலாம் என்றிருந்தேன். செங்கல்பட்டில் சொல்லலாம் என்றிருந்தேன். அவ்வளவு மகிழ்ச்சியாக வந்துகொண்டிருந்தவரிடம் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதைவிட, துப்பாக்கி முன்னால் அவர் நிற்கும் காட்சியை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. குல்லாவைக் கழற்றச் சொல்வார்கள், ஆறியதும் உள்ளே விடுவார்கள், பிறகு போனில் என்னைத் திட்டுவார். அவ்வளவுதான் நடக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நானும் டிரைவரும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றோம். சம்பந்தி ஒரு பெரிய மடக்கு குடித்துவிட்டு நெற்றியை நீட்டினார். சூடு பார்க்கும் துப்பாக்கியை வைத்தவர் இன்னொரு தரம் வைத்தார். பிறகு ஓரமாக இருந்த நாற்காலியைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"சம்பந்தி, செவப்பு காட்டுதாமுங்க. தனியா குந்த வெச்சிட்டாங்க. சூடு பத்தலைங்களா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நேரம் இருந்தது. நான் டிரைவரைப் பார்த்துக் கண்ணடித்தேன். "இன்னும் ரெண்டு மடக்கு குடிங்க" என்றேன்.

அவர் குடித்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மறுபடி வைத்துப் பார்த்தார்கள். மறுபடி போன்.

"இப்பவும் செவப்புதாங்க. மொதல்லவிட அதிகமாம். யாரோ டாக்டரு வராராம். இது நல்லதுக்குத்தானே?"

சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. "குல்லாவக் கழட்டுங்க, ஸ்வெட்டரக் கழட்டுங்க, அதக் குடிக்காதீங்க" என்று கத்தினேன்.

"கழட்டிட்டா மேல குளிருமேங்க" என்றார் அவர். அதற்குள் டாக்டர் வந்துவிட்டார். காரமான கஷாயம் புரையேறி அவர் இருமத் தொடங்கியிருந்தார். இருமுவதற்கு முன் கையை வேறு தூக்கினார். காய்ச்சல், இருமல், அறுபதைத் தாண்டிய வயது. அந்தக் காலத்தில் அதற்கு மேல் எந்தப் பேச்சும் எடுபடாது. விமானம் அவரை விட்டுவிட்டுப் போயிற்று.

வெளியே வந்தவர் கருவாட்டுப் பையைக் காரில் வைத்தார். "என் ஒடம்புலதான் ஏதோ கோளாறு சம்பந்தி. எனக்கே தெரியாம இருந்திருக்குது. நல்ல வேள, இதோட போயி கொழந்தைக்கு ஒட்ட வெச்சிருந்தா?" என்றார்.

"காலம் அப்படிங்க" என்றேன். இரண்டு மடக்கு குடிக்கச் சொன்னதைவிட இது கீழ்த்தரமானது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டிரைவர், திண்டிவனத்தில் என்னை இறக்கிவிட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார்.

விமான நிலையத்திலிருந்து தகவல் போய், சம்பந்தி வீட்டுக்குச் சுகாதாரத் துறை ஆட்கள் வந்தார்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதனை எடுத்தார்கள். பதினான்கு நாள் வெளியே வரக் கூடாது என்று கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். பால்காரர் பாக்கெட்டைத் தெருவிலேயே வைத்துவிட்டுப் போனார். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அந்த அடைப்பு முடியும் முன்பே, டாக்டர் சொன்ன நாளுக்கு முந்தியே, குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. என் மகன் தனி ஆளாக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தான். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து சம்பந்தி வீடியோவில் அவனுக்குப் பூண்டுக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தார். மகள் அழுதபோது, "அப்பாக்கு லேசா காய்ச்சல் வந்துட்டுதும்மா" என்றார். அவருக்குக் காய்ச்சலே வரவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அடைப்பு முடிந்த பிறகும், தன் உடம்பை நம்பிக் குழந்தையிடம் போகச் சம்பந்திக்குப் பயம். பேருந்துகள் ஓடத் தொடங்கியதும் விழுப்புரம் போனேன். சம்பந்தி மாடியில் சுண்டைக்காய் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வற்றலைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"தும்முறதுக்குக் கையத் தூக்கறது?"

"பொய்ங்க."

"நடு சீட்டுக்கு அங்கி?"

"அது நெசம்."

"சாப்பாடு தரமாட்டாங்கன்னீங்களே?"

"அதுவும் நெசந்தாங்க."

வற்றலில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகக் கேட்டு ஒதுக்கினார். கடைசியில், "செவப்பு காட்டுதுன்னு நான் கேட்டேனே, அப்போ?" என்றார்.

நான் குனிந்து, வெளியே உருண்டிருந்த ஒரு சுண்டைக்காயை எடுத்து வற்றலோடு போட்டேன்.

"அது வெளாட்டு இல்லீங்களே சம்பந்தி" என்றார். பிறகு கீழே போய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை சரியாக இருந்தது.

அன்றே மருமகளை அழைத்து அவளிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். "சரி மாமா" என்று வைத்துவிட்டாள். சாப்பிட்டீர்களா என்று எப்போதும் கேட்பவள் அன்று கேட்கவில்லை.

அவரை நானே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர், சில வாரங்கள் கழித்துச் சம்மதித்தார். ஜன்னல் இருக்கை அவருக்கு. அங்கி மாட்டிக்கொண்டு நடுவில் நான். மழைக்கு உரச்சாக்கு போர்த்திய ஆள் மாதிரி இருந்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

"பெல்ட்டு போட்டுக்குங்க" என்றேன். அவர் என்னைத் தாண்டி எட்டிப் பணிப்பெண்ணைக் கூப்பிட்டார். "ஏம்மா, இவரு பெல்ட்டு போடணும்னு சொல்றாரு. நெசங்களா?"

"ஆமாங்க ஐயா, கண்டிப்பா போடணும்."

போட்டுக்கொண்டார். இறங்கும்போது காது அடைக்கும், எச்சில் முழுங்குங்கள் என்றேன். அப்போது பணிப்பெண் அருகில் இல்லை. ஆகவே அவர் முழுங்கவில்லை. இறங்கிய பிறகும் காதைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

வீட்டில் குளித்துவிட்டு வந்ததும் மருமகள் குழந்தையை அவர் கையில்தான் முதலில் கொடுத்தாள். பத்தியச் சாப்பாட்டுக்கான காலம் தாண்டியிருந்தது. ஆனாலும் அவர் மறுநாளே பால்சுறாப் புட்டு செய்தார், அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். எனக்குப் பூண்டு உரிக்கும் வேலை. கிளம்பும் நாள் வரை உரித்தேன். நான் திரும்பும் நாளில் அவள், "பூண்டு நல்லா உரிக்கிறீங்க மாமா" என்றாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பம்தான்.

சம்பந்தி என்னிடம் இன்றும் மரியாதையாகத்தான் பேசுகிறார். அறுவடைக்கு மல்லாட்டை மூட்டை தவறாமல் வருகிறது. ஆனால் எதையும் என்னிடம் கேட்பதில்லை. போன மாதம் பேரனைப் பார்க்க மறுபடியும் அகமதாபாத் போனார், தனியாக. போய் இறங்கிய பிறகுதான் எனக்கு போன் வந்தது.

"முன்னாடியே சொல்லியிருந்தா ஏர்போர்ட் வரைக்கும் வந்திருப்பேனே" என்றேன்.

"அதுக்குத்தாங்க சொல்லல" என்றார். பக்கத்தில் மருமகள் சிரிப்பது கேட்டது.