டொரதி வண்டிக்குப் பூட்டிய கால்

டொரதி வண்டியை நிறுத்தினால் உடனே நகர மாட்டாள். கொஞ்சம் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு, அது தன் காலில் நிற்கிறதா என்று பார்ப்பாள். விழாது என்று தெரிந்த பிறகும் பார்ப்பாள். கலகெதர றோட்டில் இருப்பவர்களுக்கு இது பல வருடங்களாகப் பழகிப்போன காட்சி.

அவள் தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சி. ஆள் குள்ளம். ஒரு முறை மேல்கணக்கு லயத்துக்கு, மலைமேல் இருந்த தொழிலாளர் குடியிருப்புக்கு, அவள் மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் பிரசவ வேதனையில் ஒரு பெண் இறந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான், வெள்ளைக்காரச் சின்னத்துரை சீமைக்குப் போகையில் விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிளைத் தோட்டத்தை நடத்தும் பெரியதுரை அவளுக்குக் கொடுத்தார்.

ஓட்ட அவள் சீக்கிரமே பழகிவிட்டாள். நிறுத்துவதுதான் பெரும்பாடு. பின்சக்கரத்தைத் தூக்கி இரும்புச் சட்டத்தில் ஏற்ற அவளால் முடியாது. இடப்பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு கால் இருந்தது. அது லயத்து மண்ணில் ஊசிபோல் இறங்கிவிடும். அவள் போய்ச் சேரும்போது ஆண்கள் ஓடிவந்து வண்டியைப் பிடிப்பார்கள். பிள்ளை பிறந்து அவள் வெளியே வந்துவிட்டால் ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள். தலைமுழுகும்வரை அவளுக்குத் தீட்டு. அவள் ஏறும் வண்டிக்கும் தீட்டு.

அழகம்மாவுக்குப் பிள்ளை பிறந்த அன்று நல்ல மழை. டொரதி வெளியே வந்தபோது வண்டி மழைநீர் ஓடும் கானுக்குள் கிடந்தது. பெட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது. பிள்ளையின் தகப்பன் இருளப்பன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஒரு கை குடு இருளப்பா."

"குளிச்சிட்டு வாங்கம்மா, தூக்கித் தர்றேன்."

"ஒம்புள்ளய இந்தக் கையாலதான் தூக்கினேன். அப்ப அதையும் கானுக்குள்ளயே விட்டிருக்கணுமோ?"

இருளப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தான். டொரதி நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள். அவள் தலைமுழுகிய பிறகுதான் இருளப்பன் வண்டியைத் தூக்கிக் கொண்டுவந்து விட்டான்.

மறுநாள் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிளாக்கர், கூப்பிட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்து மனிதர்.

"நிப்பாட்டத் தெரியாத ஆளுக்கு என்னத்துக்கு வண்டி? வாற திங்கட்கிழமை ஸ்டோருக்கு அனுப்பிவிடும். முந்தி மாதிரி நீர் நடந்து போம்."

முந்தி மாதிரி என்றதும் அவளுக்கு மேல்கணக்கில் செத்துப்போன பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. நேரே வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் உடைந்த இரும்புக் கட்டில் ஒன்று கிடந்தது. வண்டிக்குப் புதுக் கால் செய்ய அதன் சட்டத்தை அறுக்கத் தொடங்கினாள். கணவன் சுவக்கின் பதறினான்.

"தோட்டத்து வண்டியில கை வைக்கிறியா? வேலையே போயிடும்."

"போனா போகட்டும். புடிச்சுக்கங்க, ஆடுது."

சிரட்டைக் கரி நெருப்பில் நுனியைப் பழுக்கவைத்து அடித்து வளைத்தாள். வண்டி மாட்டின் பழைய லாடம் ஒன்றைப் பாதமாக வைத்துத் திருகாணியால் முடுக்கினாள். லாடம் தட்டையானது, மண்ணில் இறங்காது. பழைய காலைக் கழற்றிவிட்டு, அதைவிட நீளமான இந்தக் காலைப் பூட்டினாள். வண்டி கம்பீரமாக நின்றது. சந்தோஷத்தில் மருத்துவப் பையை வழக்கம்போல வலப்பக்கம் மாட்டினாள். வண்டி அந்தப் பக்கமே புரண்டு கோழிக்கூட்டின் மேல் விழுந்தது.

"கோழிக்கும் நீதான் பிரசவம் பாக்கணும்" என்றான் சுவக்கின்.

பை இல்லாமல் அளந்ததுதான் பிழை. கால் நீண்டுவிட்டதால் வண்டி போதுமான அளவு சாயவில்லை. பையின் பாரம் மறுபக்கம் இழுத்துவிட்டது. காலைக் கழற்றிக் கொஞ்சம் குறைத்தாள். பையைக் கால் இருக்கும் பக்கத்துக்கு மாற்றினாள். பிறகு முற்றத்தில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, அதில் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். வண்டி அசையவில்லை.

திங்கட்கிழமை விடியும்போதே மேல்கணக்கிலிருந்து ஆள் வந்தது. அவள் வண்டியில் போனாள். பெண் பிள்ளை, தாயும் சுகம். வெளியே வந்தபோது ஆண்கள் வழக்கம்போல ஒதுங்கினார்கள். வண்டி விட்ட இடத்திலேயே நின்றது. டொரதி யாரையும் பார்க்கவில்லை. குதிகாலால் வண்டியின் காலைத் தட்டி மடக்கிவிட்டு ஏறினாள்.

ஆபீஸ் வாசலில் பெரிய கிளாக்கர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போக இருளப்பனும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். டொரதி அவர் முன்னாலேயே வண்டியை நிறுத்தினாள். இறங்கித் தள்ளி நின்றாள்.

"உதென்ன கால்? ஆரைக் கேட்டுப் பூட்டினனீர்? கழட்டும். இல்லாட்டி நானே கழட்டுவன்."

அவர் குனிந்து கையை நீட்டினார்.

"தாராளமா கழட்டுங்க ஐயா. பிள்ளப்பேறு பாத்திட்டு நேரா வாறேன். நானும் குளிக்கல்ல, வண்டியும் குளிக்கல்ல."

நீட்டிய கை அப்படியே நின்றது. அவர் பின்னால் திரும்பினார். மூன்று பேரும் ஏற்கெனவே விலகி நின்றார்கள்.

"டேய், தள்ளிக்கொண்டு போங்கோடா!"

"குளிச்சாத்தான் ஐயா" என்றான் இருளப்பன், தலையில் போட்டிருந்த சாக்குக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"குளிக்கிறதுக்குள்ள அடுத்த பிள்ளப்பேறு வந்திடும்" என்றாள் டொரதி. "பெரியதுரை குடுத்த வண்டிய எடுக்கிறத அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவர் ஆபீஸுக்குள் போய்விட்டார். வண்டி டொரதியிடமே தங்கிவிட்டது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருடம். இப்போது முப்பத்தொன்பது. பெரிய கிளாக்கர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார். கால் தேயவில்லை, லாடத்தை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறாள். பிரசவத்துக்குப் போய்வந்த வண்டியை லயத்து ஆண்கள் இன்றும் தொடுவதில்லை. டொரதியும் அவர்களைக் கேட்பதில்லை.