ஃபோர்ட் என்றால் கோட்டை இல்லை

சாலைத் துறை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் வரைபடப் பிரிவு. அங்கே இருபத்திரண்டு வருடமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தவரை எல்லோரும் மேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டார்; ஆனால் அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

ஒருமுறை அந்தப் பகுதியின் வரைபடத்தை ஆங்கிலத்தில் போட்டு, வண்டி ஓட்டுகிறவர்களின் போனுக்கு அனுப்ப உத்தரவு வந்தது. தண்ணீரைக் கடக்கும் இடங்கள் மட்டும் அறுபத்து மூன்று. எல்லாவற்றுக்கும் பிரிட்ஜ் என்று எழுதி வேலையை முடிக்கச் சொன்னார் அதிகாரி. அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. அவர் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பாலம் இருக்கிறதென்று நம்பிப் போய், காலி வேனோடு இடுப்பளவு தண்ணீரில் முழித்துக்கொண்டு நின்றவர்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, டேப்பும் நோட்டுமாக அத்தனை இடத்தையும் அக்கா பார்த்து வந்தார். சாலைக்கு அடியில் குழாய் போனால் கல்வெர்ட். வெள்ளம் மேலே வழிந்தோடும் தரைப்பாலம் காஸ்வே. படகில் போவது ஃபெர்ரி. எதுவுமே கட்டாமல், ஆற்றுக்குள் இறங்கி அக்கரை ஏறுவது ஃபோர்ட். உண்மையான பிரிட்ஜ் பத்தொன்பதுதான் தேறியது. அதிகாரி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மழைக்காலத்தில் ஒரு மதியம் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர், வரைபடத்தில் இருந்த அலுவலக எண்ணுக்குப் போன் செய்தார். அக்காதான் எடுத்தார். வண்டியில் பிரசவ வலியோடு ஒரு பெண். குறுக்கு வழியில் ஏதோ ஃபோர்ட் காட்டுகிறதாம். கோட்டை வாசலுக்குள் வண்டி நுழையுமா என்று கேட்டார். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து வேறு: ஆற்றுக்கு d, கோட்டைக்கு t. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதானே.

"அது கோட்டை இல்லீங்க. ஆத்துக்குள்ள இறங்கித்தான் போகணும், பாலமே கிடையாது. இப்ப தண்ணி கழுத்தளவு இருக்கும். வண்டியத் திருப்புங்க, நாலு கிலோமீட்டர்ல பிரிட்ஜ் இருக்கு," என்றார் அக்கா.

டிரைவர் திருப்பினார். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அலுவலகமே அக்காவைத் தூக்கி வைத்துப் பேசியது. அவருக்கோ உள்ளுக்குள் உறுத்தல். சரியான சொல்லைத்தான் எழுதினோம், படித்தவருக்குப் புரியவில்லையே. போனை எடுக்க ஆள் இல்லாதிருந்தால்?

மறுநாளே மறுபடி உட்கார்ந்தார். வரைபடத்தில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் பக்கத்திலும் தமிழில் ஒரு வரி எழுதினார்: 'பாலம் இல்லை, மழையில் இறங்காதீர்கள்', 'வெள்ளம் மேலே ஓடும்', 'படகு மட்டும், வண்டி ஏறாது'. இந்தத் தடவை அதிகாரியே நாற்காலியை இழுத்துப் போட்டு வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் நிறுத்தி, "இந்தப் படகு எத்தனை மணி வரைக்கும் ஓடும்மா?" என்று கேட்டார்.

"ஆறு மணி வரைக்கும் சார்."

அதையும் எழுதச் சொன்னார்.