அடுத்த பக்கத்தைப் புரட்டாதவர்கள்

இந்த நினைவு மலரின் அட்டையில், அப்பாவின் படத்துக்குக் கீழே ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று அச்சாகியிருக்கிறது. சென்ற ஆண்டு திண்டிவனத்தில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் அந்த வார்த்தைகள் இல்லை. தம்பி போடலாம் என்றான். வேண்டாம் என்று அடித்துச் சொன்னவள் நான்தான்.

அப்பா பிறந்தது பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். இருந்த ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போட்டு மூன்று தங்கைகளைக் கரையேற்ற முடியாது என்று தெரிந்ததும், பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். எட்டு ஆண்டுகள் பனியிலும் மணலிலும் இருந்தார். அதன்பின் அவரை ரிசர்வுக்கு மாற்றினார்கள். வீட்டுக்குப் போய் உன் வேலையைப் பார், கூப்பிட்டால் வந்து நில் என்பதுதான் ரிசர்வ். பயிற்சிக்கென்று அவ்வப்போது கூப்பிடுவார்கள், போவார். போர் வந்தபோதும் கூப்பிட்டார்கள். அம்மா கர்ப்பமாக இருந்தார்கள், அப்படியும் போனார்.

ஊர் இதைப் புரிந்துகொள்ளவில்லை. “இன்னாப்பா, நீ இங்க கள வெட்டிக்கினு இருந்தா அங்க யாரு சண்ட போடறது?” என்று டீக்கடையில் கேலி பேசுவார்களாம். ஓடிவந்துவிட்டார் என்றுகூடச் சிலர் பேசினார்கள். அப்பா சிரித்துக்கொள்வார். கூடத்துச் சுவரில் சீருடைப் படம் மாட்டியிருந்தது. அது போதும் என்று நினைத்தார்.

என்னை முதலில் பெண் பார்த்தவர்கள் ஓமந்தூர்ப் பக்கத்துக் குடும்பம். தட்டு மாற்றும் நாளில் மாப்பிள்ளையின் தகப்பனார், “மிலிட்டரிக்காரர் வீட்டுப் பொண்ணுன்னாங்களே, புக்கு இருந்தா காட்டுங்களேன், பாக்கலாம்” என்றார். ஆசையாகத்தான் கேட்டார். அப்பாவும் ஆசையாகத்தான் டிரங்குப் பெட்டியைத் திறந்து, ராணுவத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துவந்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. என் தாய்மாமா பள்ளித் தலைமையாசிரியர். அவர் கையில் கொடுத்தார்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். ‘ரிசர்வ், வகுப்பு பி’ என்றிருந்தது. விடுவிக்கப்பட்ட காரணம் என்ற இடத்தில் ஒரு விதி எண்ணும் அதன் உட்பிரிவும் மட்டும் இருந்தன.

“இன்னா மாமா இது? ரூல் நம்பரு போட்டு வெளிய அனுப்பிக்கிறாங்க?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“ரிசர்வுலேருந்து அனுப்பறப்போ எழுதுனது மாப்ள. நல்ல பேருன்னு சொல்லித்தான் குடுத்தாங்க” என்றார் அப்பா.

“நல்ல பேரு எடுத்தவனுக்கு எதுக்கு ரூலு? செக்‌ஷன் போடறது கேசுக்குத்தான். அதுவும் பி வேற.”

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தெரிந்த செக்‌ஷன் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனோடு சேர்ந்தது. பந்தலில் இருந்த யாரும் மாமாவை மறுத்துப் பேசவில்லை. அடுத்த பக்கத்தை மாமாவும் புரட்டவில்லை. தட்டு மாறவில்லை. இந்த மலரை வாங்கிப் படிக்கும் உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனீர்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து இன்னொரு வரன் வந்தது. அவர்கள் வருவதற்கு முன் நான் அப்பாவிடம், “இவுங்ககிட்டயாவது மிலிட்டரி பேச்ச எடுக்காதீங்கப்பா” என்றேன். “சரிம்மா” என்றார். அவரே ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார். அதன்பின் முப்பது ஆண்டுகள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தினமும் விடியுமுன் எழுந்து முகம் மழித்துக்கொள்வதை மட்டும் அவரால் விட முடியவில்லை.

கடைசிப் பதினோரு நாட்கள் முண்டியம்பாக்கம் மருத்துவமனையில் இருந்தார். ஊசி போட வந்த செவிலியர் ஒருவர், “தாத்தா, முன்ன இன்னா வேல பாத்தீங்க?” என்று கேட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, “விவசாயம்மா” என்றார்.

கருமாதி முடிந்து பெட்டியைத் திறந்தபோது அந்தப் புத்தகம் வேட்டியில் சுற்றி இருந்தது. ராணுவ ஆவண அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் விழுப்புரத்தில் இருப்பதாகத் தம்பி விசாரித்து வந்தான். எடுத்துப் போனோம். அவர் ஐந்து நிமிடம்தான் பார்த்தார்.

“இத வச்சிக்கினா சும்மா இருந்தீங்க? சிப்பாயா வெளிய வர்ற எல்லாருக்கும் ரூல் நம்பரு உண்டும்மா. ஒழுங்கா முடிச்சவனுக்கும் உண்டு, தண்டன வாங்கனவனுக்கும் உண்டு. எந்த உட்பிரிவுன்னுதான் பாக்கணும். இது ரிசர்வு காலம் முடிஞ்சி அனுப்பனது. ஏ, பி எல்லாம் ரிசர்வுல வகுப்பு, மார்க் இல்ல” என்றார். உள்ளே போய்த் தன் புத்தகத்தையும் எடுத்துவந்து காட்டினார். அதிலும் விதி எண் இருந்தது. பிறகு அப்பாவின் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நடத்தை என்ற இடத்தில் எழுதியிருந்ததில் விரலை வைத்து, “முன்மாதிரியானவர்னு போட்டுக்கிறாங்க. இதுக்கு மேல கிரேடே கெடையாது” என்றார்.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். “அன்னைக்கி எனக்குத் தெரிஞ்சத சொன்னேன். இப்ப இன்னாத்துக்கு அதக் கிளறிக்கினு?” என்றார். அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் படத்தைக் கழற்ற வைத்தது மாமா இல்லையே.

துக்கத்தில் பங்கெடுத்த உறவினர்கள், தோள் கொடுத்தவர்கள், பதினாறு நாளும் சமைத்துப் போட்ட சித்தி, விழுப்புரத்துப் பெரியவர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறோம். இந்த முறையாவது இரண்டையும் படியுங்கள்.

அந்தச் செவிலியருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் முண்டியம்பாக்கம் போய் அவரைப் பார்த்து அட்டைப் படத்தைக் காட்டினேன்.

“மிலிட்டரியா? தாத்தா விவசாயம்னுதான சொன்னாரு?” என்றார்.

“நான் சொல்லச் சொன்னதைத்தாம்மா சொன்னாரு” என்றேன்.