முழுக்கைச் சட்டைக்காரி

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற வழியில் பஸ் டயர் பஞ்சராகி நிற்கிறது. இறங்கி ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைக்கிறேன். ரோட்டை ஒட்டிய கரிசல் பொட்டலில் பெண்பிள்ளைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பற்றவைக்கும் முன்பே பந்து என் காலடிக்கு உருண்டு வருகிறது. கை மறையத் தொங்கும் முழுக்கைச் சட்டை போட்ட ஒருத்தி பின்னாலேயே ஓடி வருகிறாள். பந்தை எடுத்து நீட்டுகிறேன். அவள் கை நீட்டவில்லை.

“கீழ போடுங்க அண்ணாச்சி.”

போடுகிறேன். காலால் நிறுத்துகிறாள். அவளுடைய ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்கிறது. எதிர் அணிப் பெண் ஒருத்தி ஓடி வந்து குனிந்து கட்டிவிடுகிறாள். இவள் காலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நல்ல திமிர்தான் என்று நினைக்கிறேன்.

வியர்வையைத் துடைக்க அவள் இரண்டு கையையும் தூக்கும்போது சட்டைக்கைகள் விலகுகின்றன. இரண்டு கையிலும் விரல்கள் இல்லை. வெந்து ஒட்டிப்போன சதைதான் இருக்கிறது.

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிடுகிறாள்.

“தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்கையில தீப்பிடிச்சிட்டு. ரெண்டு வருசம் வீட்டை விட்டு வெளிய வரலை. போற எடமெல்லாம் கையைத்தான் பாக்காவ. இங்கன வந்தா காலைத்தான் பாக்காவ. இப்ப திருநெல்வேலி வரைக்கும் மேட்சுக்குப் போயிட்டு வாரேன்.”

பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவிடுகிறாள். இரண்டு பேரை ஏமாற்றிக் கடந்து கோல் அடிக்கிறாள்.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். சிகரெட் இன்னும் வாயிலேயே இருக்கிறது. சட்டைப்பைக்குள் என் விரல்கள் தீப்பெட்டியில் படுகின்றன. எடுக்க முடியவில்லை.