பனியனை எடுத்துப்போன கருடன்

போன வருஷம் பொங்கல் கழிந்த நாலாம் நாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்தார். வலது கை தொங்கிவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. என் பெயரைச் சொல்லப் பார்த்தார், "கோ" என்பதற்கு மேல் வரவில்லை. மகள் வள்ளி ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

பிள்ளையாரை நம்பியிருக்கும் அன்பர்களே, இந்தக் கோமதி எழுதத் தெரிந்தவள் அல்ல. நம் பஜனைக் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உயிர் தப்பியது. "இனிமேல் மருந்தைவிடப் பயிற்சிதான் முக்கியம். அவர் மனது வைத்தால் நடப்பார், கையும் வரும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மனது வைத்தால்தானே? சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவர் இவர். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் வாய் கொடுப்பவர். அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார். பயிற்சி கொடுக்க ஷீபா என்று ஒரு பெண் வருவாள். நல்ல பெண். "அங்கிளே, இந்தப் பந்தை ஒண்ணு பிடிச்சே" என்று கெஞ்சுவாள். இவர் பிடிக்கமாட்டார். பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போகும். நான் குனிந்து எடுப்பேன். இப்படியே எட்டு நாள் போயிற்று. ஊட்டினால் சாப்பிடுவார், இல்லாவிட்டால் இல்லை. எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வள்ளியைக் காவலுக்கு வைத்துவிட்டு பழவங்காடிக்குப் போனேன். கணபதி நடையில் நின்று மனதார நேர்ந்துகொண்டேன். "இவர் தன் காலால் நடந்து உன் நடைக்கு வரணும். தன் வலது கையால் இருபத்தோரு தேங்காய் உடைக்கணும். அத்தனையும் எங்க வீட்டு மரத்துத் தேங்காய்." கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்ததுதான். கடையில் வாங்கினால் அது கடைத் தேங்காய்தானே என்று எனக்கு ஒரு வீம்பு. அந்த வீம்பு என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

எங்கள் வீடு சங்குமுகத்துப் பக்கம், கடலுக்கு நாலு வீடு தள்ளி. அதற்கு முன்னால் ஊர் நடுவே கோட்டைக்குள் குடியிருந்தோம். கடல் காற்று வேண்டும் என்று இவர் பிடித்த பிடிவாதத்தில்தான் இங்கே வந்தோம். எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. பூட்டு துருப்பிடிக்கும். குளியலறைக்குள் நண்டு வரும். வடாம் காயப்போட்டால் காக்கை நமக்கு முன்னால் ருசி பார்க்கும். சமையலறை ஜன்னலில் கீரி வந்து நின்று என்னையே விசாரிக்கிற மாதிரி பார்க்கும். இந்த வீட்டில் நாங்கள்தான் விருந்தாளிகள் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். எனக்குப் பிடித்த ஒன்றே ஒன்று பின்புறம் நின்ற தென்னை. இருந்ததும் அந்த ஒரு மரம்தான்.

நேர்ந்துகொண்ட மறுநாளே தேங்காய் பறிக்கிற விஜயனை வரச் சொன்னேன். இவர் நடக்கிற அன்று தேங்காய் கையில் தயாராக இருக்கவேண்டும் என்பது என் கணக்கு. விஜயன் ஏறுகிற மெஷினை மரத்தில் மாட்டி, 'கடக் கடக்' என்று பாதி மரம் ஏறியிருப்பான். வானத்திலிருந்து ஒன்று அம்பு மாதிரி இறங்கி அவன் தலையில் அடித்தது. தொப்பி ஒரு பக்கம் போயிற்று. அவன் அலறிக்கொண்டு கீழே வந்தான்.

"சேச்சி, எனக்கு வய்யா, முடியாது. மேல கிருஷ்ணப்பருந்து கூடு கெட்டிக்கிட்டிருக்கு. அதைத் தொட்டா பாவம் கிட்டும். இனி குஞ்சு பறந்தாத்தான் நான் ஏறுவேன், கேட்டோ."

நாம் கருடன் என்கிறோமே, வெள்ளைக் கழுத்தும் செம்பட்டை உடம்புமாக, அதைத்தான் இந்த ஊர் மலையாளத்துக்காரர்கள் கிருஷ்ணப்பருந்து என்பார்கள். கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். நானும் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்ட கையோடு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து தட்டி விரட்டினேன். தினமும் காலையில் இரண்டும் நடக்கும். கருடன் ஒரு வட்டம் போட்டுவிட்டு அதே மட்டையில் வந்து உட்காரும். பழவங்காடிக்கு இன்னொரு தடவை போய் இரண்டாவது வேண்டுதலும் வைத்தேன். "பிள்ளையாரே, அந்தப் பறவையை வேற மரத்துக்கு அனுப்பிவிடு."

ஆனால் விஜயன் அலறிய அன்று வீட்டுக்குள் ஒன்று நடந்திருந்தது. அன்று கோபத்தில் எனக்கு அதன் அருமை தெரியவில்லை. சத்தம் கேட்டு இவர் சுவர்ப்பக்கத்திலிருந்து தானாகத் திரும்பிப் படுத்திருந்தார். "என்ன?" என்று கேட்டார். எட்டு நாளில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. வள்ளி விவரம் சொன்னாள். இவர் ஜன்னலைப் பார்த்தார். படுத்த வாக்கில் தென்னையின் அடிமரம் மட்டும்தான் தெரியும். உட்கார்ந்தால் மட்டை தெரியும். கூடு தெரியவேண்டுமானால் பின்வாசல் படிவரை வரவேண்டும்.

மறுநாள் உட்கார்த்திவைக்கச் சொன்னார்.

அதற்கும் நாலு நாள் கழித்து கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் காற்று வீசியது போல இருந்தது. பார்த்தால் இவருடைய கிழிந்த பனியன் ஆகாயத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கருடன் அதைக் கூட்டுக்குள் கொண்டுபோய் மெத்தை விரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உள்ளேயிருந்து ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் இவர் சிரிக்கிறார். கோணின வாயோடு, கண்ணில் தண்ணீர் வர, சிரிக்கிறார்.

"ஏட்டி கோமு, என் பனியன்லயாக்கும் அவன் குஞ்சு பொரிக்கப் போறான்" என்றார். குழறலாக வந்தது. ஆனால் முழு வாக்கியம் வந்தது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சு கிடையாது. வள்ளி தோழியிடமிருந்து ஒரு பைனாகுலர் வாங்கி வந்தாள். கெட்டிக்காரி ஷீபா, பந்தைப் பைக்குள் போட்டுவிட்டாள். "அங்கிளே, வலது கையால பிடிச்சா மட்டும் பார்க்கலாம்" என்று சட்டம் போட்டாள். முதல் நாள் கை மார்பு வரைதான் ஏறியது. இடது கையால் தாங்கிக்கொண்டார். ஒரு வாரத்தில் தாடை வரை வந்தது. ஆண் பறவை மீன் கொண்டுவரும்போதெல்லாம் கை தூக்கவேண்டும். அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை வந்ததோ, அத்தனை தடவையும் இவர் தூக்கினார். கருடன் கொடுத்த பயிற்சியை ஷீபா நோட்டில் தன் பெயரில் எழுதிக்கொண்டாள்.

மாசியில் பின்வாசல் படிக்கு வந்தார். பங்குனியில் கூட்டிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப்பார்த்தது. அன்று நான் பாயசம் வைத்தேன். தட்டைத் தட்டுவதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

சித்திரையில் இவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த மீனெல்லாம் எங்கேயிருந்து கொண்டு வருகிறான்? பார்த்தே ஆகவேண்டும் என்றார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு பக்கம் வள்ளி. நாலு வீடு கடப்பதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே எங்கள் கருடன். வலையிலிருந்து சிதறிய சின்ன மீனை இறங்கி அள்ளிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுப் பக்கம் பறந்தது. இவர் வேட்டி நனைய நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார், வலது கையால். வள்ளி கடலைக் காட்டி, "அம்மே, நோக்கு நோக்கு" என்றாள். அலைக்கு அப்பால் நாலைந்து ஓங்கில்கள், டால்பின் என்கிறார்களே அவைதான், முதுகைக் காட்டி முங்கி முங்கிப் போயின. மூன்று வருஷம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தும் நான் அதுவரை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. நண்டும் கீரியும் தொந்தரவு என்று புலம்பியே காலத்தைக் கழித்திருக்கிறேன். அன்று கரையில் நின்று, இத்தனை ஜீவனையும் படைத்தவனே என்று கும்பிட்டேன்.

சரி, நடந்துவிட்டார். இனி நேர்ச்சையை முடிக்கவேண்டும் அல்லவா? விஜயனுக்குப் போன் போடப் போனேன். இவர் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"குஞ்சு பறக்காம ஒருத்தன் மரத்துல கை வைக்கப்பிடாது."

"நேர்ந்தது நேர்ந்ததாக்கும். சாமி காரியத்துல விளையாடாதீங்க."

"எனக்கு முதல்ல உதவினது யாரு? அவன் வீட்டைக் கலைச்சா உம் பிள்ளையார் தேங்காய வாங்கிக்கிடுவாரோ?"

எனக்கு அழுகை வந்தது. இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் இவர் பின்வாசல் படியில் கால் தடுக்கி விழுந்தார். முழங்காலில் சிராய்ப்புதான். ஆனால் எனக்கு உயிரே போய்விட்டது. கொடுத்ததைப் பிள்ளையார் திருப்பி எடுக்கப்போகிறாரோ என்று பயந்து, சேலைகூட மாற்றாமல் பழவங்காடிக்குப் போனேன். சந்நிதியில் நின்று உள்ளதைச் சொன்னேன். "அப்பனே, எங்க வீட்டுத் தேங்காய்னு சொன்னது என் வாய்தான். மாத்திச் சொல்லப் பயமா இருக்கு. குஞ்சு இருக்கிற மரத்துல ஆள் ஏத்தவும் இப்ப எனக்கு மனசு வரல. நீயே ஒரு வழி சொல்லு."

வீட்டுக்கு வந்து துவையல் அரைக்கத் தேங்காயை எடுத்தேன். உடைக்கப்போன கை அப்படியே நின்றது. அன்பர்களே, அது எங்கள் வீட்டுத் தேங்காய். பறிக்க ஆள் ஏறாததால் முற்றி, நெற்றாகித் தானே விழுந்தது. தை மாதத்திலிருந்து பத்துக்கு மேல் விழுந்திருக்கும். நேர்ச்சைத் தேங்காய் என்றால் பறித்த தேங்காய் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே விழுந்ததையெல்லாம் பொறுக்கி, பிள்ளையார் தேங்காயை நாலு மாதமாகத் துவையலும் அவியலுமாக நாங்களே சாப்பிட்டுத் தீர்த்திருக்கிறோம். இவரிடம் சொன்னேன். "அவருக்கு முன்னால நாம ருசி பாத்தாச்சு" என்று சிரித்தார். எங்கள் பிணக்கும் அதோடு தீர்ந்தது.

அன்று முதல் துவையலுக்குக் கடைத் தேங்காய். விழுவதெல்லாம் பூஜை அறைக்கு. தொம் என்று சத்தம் கேட்டால் மூன்று பேரும் ஓடுவோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புல்லுக்குள் ஆறு மறைந்து கிடந்தன. வைகாசி கடைசிக்குள் பத்தொன்பது ஆயிற்று.

அந்த வாரத்தில் ஒருநாள் காலை குஞ்சு மட்டை நுனிக்கு வந்து நின்றது. கபில நிறமாக, கழுத்தில் வெள்ளையே இல்லாமல் இருந்தது. "இது அம்மையையும் கொள்ளல, அப்பனையும் கொள்ளலியே" என்று, யார் சாயலும் இல்லாததற்கு இவர் கவலைப்பட்டார். வளர வளர நிறம் மாறுமாம் என்று வள்ளி போனில் பார்த்துச் சொன்னாள். அது இறக்கையை விரித்தது, மடக்கியது. காபி ஆறிப்போயிற்று. பிறகு ஒரு காற்று வந்தது. குஞ்சு விழுவது போலச் சரிந்து, அடுத்த வீட்டுக் கூரையைத் தொட்டும் தொடாமலும் எழும்பிக் கடல்பக்கம் போயிற்று. அது கிளம்பிய அதிர்ச்சியில் மட்டை ஆடி இரண்டு நெற்றுத் தேங்காய் விழுந்தன. நாங்கள் எண்ணவே தேவையில்லை.

விஜயன் வந்து மட்டை உரித்துக் கொடுத்தான். தொட்டிக்குப் பின்னால் கிடந்த ஒன்றை ஆட்டிப்பார்த்து, "சேச்சி, இதில தண்ணி இல்ல. பொங்கு வந்திருக்கும். கோயிலுக்கு வேண்டா" என்றான். நான் அதையும் பைக்குள் போட்டேன்.

ஆனி முதல் வெள்ளி. பழவங்காடியில் ஆட்டோவிலிருந்து இறங்கி இவர் தன் காலால் நடந்தார். ஊன்றுகோலை வள்ளி வைத்திருந்தாள். ஒவ்வொரு தேங்காயாக எடுத்து வலது கையில் கொடுத்தேன். முதல் இரண்டு சரியாக உடையவில்லை, எடுத்து மறுபடி போட்டார். பிறகு கை பழகிவிட்டது. இருபத்தோராவது அந்தத் தண்ணீர் இல்லாத காய். ஓங்கிப் போட்டார். இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று பூ. விஜயனுக்கு அது பொங்கு. நமக்கோ தேங்காயில் பூ இருந்தால் அதைவிட மங்களம் வேறு என்ன இருக்கிறது? நினைத்த நேரத்தில் பறித்து உடைத்திருந்தால் அந்தப் பூ வந்திருக்காது. நடையிலேயே நின்று நானும் இவரும் சின்னப்பிள்ளைகள் மாதிரி அழுதோம். வள்ளி எங்களைப் பார்த்து, "ரெண்டு பேரும் அடிபொளி, சூப்பர்" என்றாள்.

நான் இரண்டு வேண்டுதல் வைத்தேன். இரண்டாவதைப் பிள்ளையார் மறுத்ததால்தான் முதலாவது நடந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். வீட்டில் நோயோ சங்கடமோ இருக்கிற அன்பர்களே, தயங்காமல் அவரிடம் கேளுங்கள். கேட்டது நடக்கவில்லையே என்று என்னைப் போல் தட்டைத் தட்டாமல், கொஞ்சம் பொறுத்து, பின்வாசல் பக்கம் எட்டிப்பாருங்கள்.

இந்த வருஷமும் தை பிறந்ததும் அந்த ஜோடி வந்து குச்சி சேர்க்கத் தொடங்கிவிட்டது. இன்று காலையில் நானே ஒரு பழைய பனியனைத் தோய்த்து, கிளிப் போடாமல், கொடியில் விரித்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். இப்போது பின்வாசலிலிருந்து இவர் கூப்பிடுகிறார்.

"ஏட்டி கோமு, வா. எடுத்திட்டான்."