காருக்குத் தெரிந்த தமிழ்

என்னை 'இந்தியன்' என்று சொன்ன குற்றத்துக்காக, எங்கள் தெருமுனைத் தெப்பனரை எட்டு மாதமாக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

தெப்பனர் என்றால் பாலும் பாணும் லொத்தர் சீட்டும் விற்கிற மூலைக்கடை. மொன்றியல்காரருக்குத் தெரியும், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கடைக்காரர் நல்ல மனிதர்தான். என்னைக் கண்டதும் "போன்ஜூர், மிஸ்டர் இந்தியா!" என்பார். "இந்தியா இல்லை... இலங்கை, தமிழ்" என்பேன். "எல்லாம் ஒன்றுதானே" என்று கையை வீசுவார். மூன்றாவது தரம் அப்படி வீசிய அன்று, வாங்க எடுத்த பாலைக் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து பாலுக்காக ஐந்து தெரு தாண்டி ஒரு தமிழ்க்கடைக்கு நடக்கிறேன். மைனஸ் இருபத்தைந்திலும் நடந்தேன். ரோஷம் என்றால் சும்மாவா?

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு? காரணம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் அதே குற்றத்தை நானே செய்தேன். அதுவும் எழுத்தில். அதுவும் இருபது பிரதி எடுத்து!

என் மகள் யாழினியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். படிப்பதோடு நில்லாமல் கதையும் எழுதுகிறாள் – ஆங்கிலத்தில். தமிழ் கேட்டால் விளங்கும், ஓரளவு பேசவும் வரும். வாசிக்கத் தெரியாது. பதினொரு வருடமாக இந்தப் பத்தியை எழுதி வருகிறேன். நீங்கள் வாசிக்கிறீர்கள், திட்டிக் கடிதம் போடுகிறீர்கள், சிலர் வெட்டி வைத்திருப்பதாகக்கூடச் சொல்கிறீர்கள். என் சொந்த மகள் ஒரு வரி வாசித்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் தன் முதல் கதையை அச்செடுத்துக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். நான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன்.

"இதைத் தமிழில எழுதியிருக்கலாமே, பிள்ளை?"

அவள் கோபிக்கவில்லை. "ஓகே அப்பா" என்று சொல்லித் தாள்களை மெல்ல என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு ஒரு கதையும் எனக்குக் காட்டவில்லை. ஒன்று ஏதோ சஞ்சிகையில் வெளிவந்ததை வேறு ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். கேட்க வாய் வரும்... கௌரவம் வந்து வாயை மூடும். எத்தனையோ பேருடைய நூலுக்கு அணிந்துரை எழுதியவன் நான். என் மகளின் கதையை வாசிக்க எனக்கு வழியில்லை. இந்த இரண்டு வருடமும் அது எனக்குள் முள்ளாகக் கிடந்தது.

சரி, குற்றத்துக்கு வருகிறேன். யாழினி படிக்கும் இடத்துக்கு ரியானன் என்று ஒரு எழுத்தாளர் ஒரு கிழமைக்கு வருகிறார் என்றார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி. பள்ளிக்கூட ஆசிரியை, சிறுகதைக்காரர். யாழினி அவருடைய புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். எனக்கு ஒரு யோசனை. எங்கள் இலக்கிய வட்டத்துக்கு அவரை ஒரு நாள் அழைத்தால் என்ன? மகளுக்குப் பிடித்தவரை அழைத்தால் மகளும் வருவாள் அல்லவா? அழைத்தோம். ஒப்புக்கொண்டார். நோட்டீஸ் எழுதும் பொறுப்பு வழக்கம்போல என் தலையில்.

'இங்கிலாந்தின் புகழ்பூத்த எழுத்தாளருடன் ஓர் இனிய மாலை' – எழுதி, படம் வைத்து, நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிக் கடைகளின் கண்ணாடியில் எல்லாம் ஒட்டினேன்.

சனிக்கிழமை அவரைக் கூட்டி வர நானும் யாழினியும் டோர்வல் போனோம். அந்த விமான நிலையத்தில் எனக்குப் பதினாறு வருட வேலை. விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறேன். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கதவும் தெரியும். வந்திறங்குபவர்களுக்காக அட்டை பிடித்துக்கொண்டு நின்றது அன்றுதான் முதல் தரம்.

காரில் வரும்போது உபசாரத்துக்காகக் கேட்டேன். "இங்கிலாந்தில் இப்போது மழையா?"

"எங்கள் ஊரில் மழை. இங்கிலாந்தில் எப்படியோ தெரியவில்லை" என்றார், சிரித்துக்கொண்டே.

எனக்கு உறைக்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு.

அவரை விடுதியில் இறக்கிவிட்டு, பால் வாங்க அந்தத் தமிழ்க்கடைக்குப் போனோம். கண்ணாடியில் நோட்டீஸ். ரியானனின் படத்தைக் கண்டு யாழினிக்கு மகிழ்ச்சி.

"என்னப்பா எழுதியிருக்கு? வாசிச்சுக் காட்டுங்கோ."

நான் மேடைக் குரலில் வாசித்தேன். முதல் சொல்லிலேயே அவள் முகம் மாறிவிட்டது.

"இங்கிலாந்தா? அப்பா, அவா வேல்ஸ்! இங்கிலாந்து எண்டு சொன்னா அவைக்குப் பிடிக்காது."

"எல்லாம் ஒண்டுதானே, பிள்ளை..."

சொல்லி முடிக்கவில்லை, என் கை தானாக வீசியது. தெப்பனர்காரரின் அதே வீச்சு. யாழினி என் மற்றக் கையில் இருந்த பாலைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

கடைக்காரத் தம்பியிடம் கறுப்பு மார்க்கர் ஒன்றை வாங்கி, 'இங்கிலாந்தின்' என்பதை அழித்து மேலே 'வேல்ஸ் நாட்டின்' என்று எழுதினேன்.

"வேல்ஸ் எண்டா எங்கயண்ணை, இங்கிலாந்துக்குள்ளயோ?" என்று கேட்டான் அவன்.

"இல்லை. பக்கத்தில. அது வேற நாடு, வேற பாஷை."

"அப்ப இவா அந்தப் பாஷையிலயோ எழுதுறா?"

"இல்லை. இங்கிலிஷில."

"அப்ப பேந்தென்னண்ணை, ஒண்டுதானே!"

எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! இருபது கடைக்கும் நடந்து இருபது நோட்டீசையும் திருத்திய பிறகுதான் அது தணிந்தது.

ஆனால் அந்தத் தம்பியின் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. வேல்ஸ்காரர்களுக்கென்று வெல்ஷ் என்ற பழைய மொழி ஒன்று இருக்கிறது. அதில் எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் ஆங்கிலத்தில் எழுதுகிற இவர்கள் யார்? அன்று மாலை யாழினியிடம் ரியானனின் புத்தகத்தைக் கேட்டேன். ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் தந்தாள்.

அகராதியோடு உட்கார்ந்தேன். நான் எதிர்பார்த்தது மலை, கோட்டை, ஆட்டு மந்தை. அகப்பட்டதோ மூடிய நிலக்கரிச் சுரங்கம், மழை ஒழுகும் பஸ் தரிப்பு, வேலை தேடிக் களைத்த பொடியன்கள், கோல் சென்டருக்குப் போகும் பெண்கள். மொழி ஆங்கிலம்தான். ஆனால் வாசிக்க வாசிக்க, வேறு யாரோ உள்ளே இருந்து மூச்சு விடுவதுபோல் இருந்தது. ஊர்ப் பெயர்களை உச்சரிக்க நாக்குக்கு ஒரு மாதப் பயிற்சி வேண்டும்! முன்னுரையில் ஒரு சங்கதி பார்த்தேன். இவர்களைப் போன்றவர்களை லண்டன்காரர் 'அந்த மூலை எழுத்தாளர்' என்று தள்ளிவைத்ததுண்டாம். வெல்ஷில் எழுதுபவர்களில் சிலர் 'நீங்கள் முழுதாக எங்கள் ஆள் இல்லையே' என்றதும் உண்டாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஞாயிற்றுக்கிழமை. தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் நிலவறை மண்டபம். மூன்று மணிக் கூட்டம் நாலு மணிக்குத் தொடங்கியது. நம்மவர் கணக்கில் அது சீக்கிரம். கட்டடத்தில் நெருப்புக் கொளுத்தத் தடை, ஆகவே குத்துவிளக்கில் பேட்டரி மெழுகுதிரிகளை நிறுத்தி, சுவிட்சைத் தட்டி மங்கள விளக்கேற்றினோம். வரவேற்புரை, தலைமையுரை, அறிமுகவுரை. பொன்னாடை போர்த்தினோம். ரியானன் அதை மடித்து வைக்காமல் கடைசிவரை போர்த்துக்கொண்டே இருந்தார். யாழினி பின்வரிசையில்.

அவர் வாசித்த கதையில் ஒரு கோல் சென்டர் பெண். இங்கிலாந்திலிருந்து போன் எடுப்பவர்கள் அவளுடைய உச்சரிப்பைக் கேட்டு, "நீ இந்தியாவிலிருந்தா பேசுகிறாய்?" என்கிறார்கள். மண்டபம் அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பால் ஞாபகமும் வந்தது.

பிறகு கேள்வி நேரம். எங்கள் வட்டத்தின் செயலாளர் தில்லையண்ணை எழுந்தார். எந்தக் கூட்டத்திலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். எனக்கும் பிடித்த கேள்வி.

"மேடம், நீங்கள் ஏன் உங்கள் தாய்மொழியில் எழுதவில்லை?"

ரியானன் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார். அவசரப்படாமல் சொன்னார்.

"என் அப்பாவுக்கு நல்ல வெல்ஷ் தெரியும். சகோதரர்களோடு வெல்ஷில்தான் பேசுவார். பிள்ளைகள் எங்களோடு மட்டும் ஆங்கிலம். நாங்கள் முன்னேற வேண்டுமாம், வேலை கிடைக்க வேண்டுமாம். வீட்டில் ஒரு நாய் இருந்தது. அதோடு வெல்ஷில் கொஞ்சுவார், வெல்ஷில் ஏசுவார். அதனால் எங்கள் வீட்டில் என்னைவிட நாய்க்குத்தான் வெல்ஷ் நன்றாகத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"வளர்ந்த பிறகு அப்பா கேட்டார், 'ஏன் நீ நம் மொழியில் எழுதவில்லை?' என்று" – ரியானன் நிறுத்தினார். "நான் திரும்பி நாயைப் பார்த்தேன்."

என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

காரணம், எனக்கு ஒரு கார்டெரி ஞாபகம் வந்தது. அதாவது பிள்ளைகள் காப்பகம். நாங்கள் வந்த புதிது. யாழினிக்கு நாலு வயது. அங்கே இருந்த ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை யாரோடும் பேசுவதில்லை, ஒரு மூலையில் நிற்கிறாள்" என்றார். அன்று மாலையே வீட்டில் சட்டம் போட்டேன். இனிமேல் பிள்ளையோடு ஆங்கிலம், முடிந்தால் பிரெஞ்ச். தமிழ் வேண்டாம். மனைவி ஒரு கிழமை அழுதாள். நான் அசையவில்லை. பிள்ளை வளர்ந்த பிறகுதான் அந்தச் சட்டம் மெல்லத் தளர்ந்தது. சட்டம் போட்டவன் நான், காவல் காத்தவனும் நான். பதினைந்து வருடம் கழித்து, "தமிழில எழுதியிருக்கலாமே" என்று கேட்டவனும் நானேதான்!

தேநீர் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனேன். யாழினியும் பின்னால் வந்து கோப்பைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"பிள்ளை... அந்தக் கதை இன்னும் இருக்கோ?"

"எந்தக் கதை?"

"நான் வாசிக்காமல் விட்டது."

அவள் கை நின்றது. "அது இங்கிலிஷ், அப்பா."

"ஓம். தெரியும்."

"தமிழில மாத்தச் சொல்லுவீங்களோ?"

"இல்லை."

அடுத்த கோப்பையை எடுத்தாள். "பேந்து தாறன்" என்றாள். தருவாளா, மாட்டாளா... அந்த முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கிழமை முழுக்கத் தரவில்லை. வெள்ளிக்கிழமை ரியானனை வழியனுப்பப் போகும்போது நோட்டீஸ் விவகாரத்தையும் தெப்பனர் விவகாரத்தையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். "என்னை இங்கிலாந்துக்காரி என்று சொல்லாத நாளே இல்லை. உங்களைப்போல நானும் கடையை விட்டு வெளியேறினால் பட்டினி கிடந்தல்லவா செத்திருப்பேன்!"

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் என் தேநீருக்குப் பக்கத்தில் ஒன்பது தாள்கள். இரண்டு வருடத்துக்கு முன் நான் பார்த்த அதே முதல் பக்கம். யாழினி கழுவுதொட்டியருகே எனக்கு முதுகு காட்டி நின்று, ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

முதல் பக்கத்தைத் தாண்டினேன். மூன்றாம் பக்கத்தில் பனிக்காலம். ஜன்னலோரம் ஒரு சிறுமி. வெளியே அவளுடைய அப்பா, உறைந்துபோய் ஸ்டார்ட் ஆகாத பழைய நீலக் காரோடு மல்லுக்கட்டுகிறார். முதலில் கெஞ்சுகிறார். பிறகு ஏசுகிறார். கார் உறுமிக் கிளம்பியதும் அதன் கூரையைத் தட்டி, 'என்ர ராசாத்தி' என்கிறார். அந்த இரண்டு சொல்லை மட்டும் யாழினி தமிழ் ஒலியிலேயே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள். அந்தச் சிறுமி ஜன்னல் கண்ணாடியில் வாயை வைத்து அதைத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறாள். அப்பா தன்னோடு ஒருநாளும் பேசாத மொழி அது. கார் எவ்வளவு கொடுத்து வைத்தது என்று நினைக்கிறாள்.

எங்கள் வீட்டில் நாய் இல்லை என்று அந்தக் கிழமை முழுக்க எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். நீலக் கார் இருந்ததை மறந்துபோனேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மிச்சத்தையும் வாசித்து முடித்தேன். "நல்ல கதை" என்றேன். ஒன்று தெரிந்துகொண்டேன். எந்த மொழியில் எழுதுகிறாய் என்று பிள்ளையைக் கேட்கிற முன், எந்த மொழியை நாம் அவளுக்குக் கொடுத்தோம் என்று நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பத்தியை எழுதி முடித்ததும், பதினொரு வருடத்தில் முதல் தரமாக, யாழினியைப் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டினேன். விளங்காத இடங்களில் நிறுத்திக் கேட்டாள். கடைசியில் ஒரேயொரு திருத்தம் சொன்னாள்.

"அப்பா, நீங்க கண்ணாடி துடைக்கேல்ல. அழுதனீங்க. அப்பிடியே எழுதுங்கோ."

அழுதேன்.